அணுக்கரு இயற்பியலை நம் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?

தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆறாவது அலகு 'அணுக்கரு இயற்பியல்'. பெக்கொரல், மேரி கியூரி, ஆல்ஃபா, பீட்டா, காமா, அணுக்கரு பிளவு, இணைவு, கல்பாக்கம், கூடங்குளம் என்று எல்லாமே அதில் வருகிறது. திருச்சி பாலக்கரையில் படிக்கும் பிள்ளைக்கும், ஸ்ரீரங்கத்தில் படிக்கும் பிள்ளைக்கும், பச்சைமலையின் மேல் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இதே பாடம்தான். படிக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: மனப்பாடம். ஒளியியலுக்கு லென்ஸ் இருக்கிறது, மின்சாரத்துக்கு பேட்டரியும் பல்பும் இருக்கின்றன. அணுக்கரு பாடத்துக்கு மட்டும் மேசைமீது வைத்துக் காட்ட எதுவும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. நாம் மதரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர்கள். இயற்பியல் நமது துறை அல்ல. ஆனால் இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான சோதனைகள் பெரும்பாலும் நாணயம், புளியங்கொட்டை, பலூன், உரக்கடை மூட்டை இவற்றால் செய்யக்கூடியவை என்பதால் நம்மைப் போன்றவர்களும் அவற்றை விளக்க முடிகிறது. பெற்றோர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இது நம் வீடுகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். பழைய இரும்புக் கடைக்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்து மக்களின் பெயரால் வந்த சொல் அது என்பார்கள். இன்றும் நம் சமுதாயத்தில் பல குடும்பங்களுக்கு அந்த வியாபாரம்தான் சோறு போடுகிறது. 2010 ஏப்ரலில் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் என்ன நடந்தது என்பது அந்தக் குடும்பங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த ஒரு கருவி பழைய சாமானாக ஏலத்தில் போனது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் அதன் துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டார். தோல் கறுத்து, முடி கொட்டி, வாந்தியோடு ஆட்கள் மருத்துவமனைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒருவர் இறந்துபோனார்.

அதற்கு முன்பே, 1987-ல் பிரேசில் நாட்டின் கொயானியா நகரில் இதைவிடப் பெரிய துயரம் நடந்தது. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து எடுக்கப்பட்ட சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்கு வந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

இந்த இரண்டு இடத்திலும் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் புரிந்து படித்த ஒரு பிள்ளை அந்தக் கடையில் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட அந்தச் சின்னத்தைத் தெரிந்திருந்தாலே பாதி ஆபத்து போயிருக்கும். படிக்காதவருக்கும் புரியட்டும் என்று 2007-ல் மண்டை ஓடும் ஓடும் மனிதனும் வரைந்த சிவப்புச் சின்னம் ஒன்றையும் உலக அளவில் கொண்டு வந்தார்கள். இரண்டையும் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்க அதிகச் செலவாகாது. அந்தச் சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ கண்ணில் பட்டால் திறக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும்.

சரி, சோதனைகளுக்கு வருவோம்.

நூறு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஓர் அணுக்கரு. எல்லாவற்றையும் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். தலை விழுந்தவை 'சிதைந்துவிட்டன'. அவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். மிச்சத்தை மட்டும் மறுபடி குலுக்குங்கள். நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும், அது பன்னிரண்டு அல்லது பதின்மூன்றாகும். எத்தனை குலுக்கலில் பாதியாகிறதோ அதுதான் அரை ஆயுட்காலம். அரை, கால், அரைக்கால் என்ற இந்த வரிசை மதரஸா மாணவர்களுக்குப் புதிதல்ல; வாரிசுரிமைச் சட்டத்தில் பங்கு பிரிக்கும்போது தினமும் கையாளும் பின்னங்கள்தாம்.

உண்மையில் குலுக்கிப் பார்த்தால் சரியாக ஐம்பது வராது. நாற்பத்தாறு வரும், ஐம்பத்து மூன்று வரும். இந்தப் பாடத்தின் உயிரே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது என்பது நமது கருத்து. எந்த நாணயம் எந்தக் குலுக்கலில் விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக அவை ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்படுகின்றன. அணுக்கருவும் அப்படியே. நான்கு நாணயம் மிஞ்சும்போது அடுத்தது என்ன ஆகும் என்று யாரும் பந்தயம் கட்ட முடியாது. கோடிக்கணக்கில் இருக்கும்போது கணக்கு மயிரிழை பிசகாது. (இதைக் கேட்டதும் 'அப்படியானால் கத்ர்?' என்று கேட்கும் மாணவர் நிச்சயம் இருப்பார். மனிதக் கருவிகளால் முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதோடு இயற்பியல் ஆசிரியர் நிறுத்திக்கொள்ளலாம். மற்றதை அகீதா பாடம் நடத்தும் உஸ்தாதிடம் விட்டுவிடலாம்.)

அடுத்து நாணயத்துக்குப் பதில் தாயக்கட்டையோ பகடையோ எடுத்து, ஒன்று விழுந்தால் மட்டும் ஒதுக்குங்கள். ஆறு முகப் பகடையானால் பாதியாவதற்கு ஏறத்தாழ நான்கு குலுக்கல் ஆகும். பாட்டிமார் தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டையைக் குலுக்கினால் இன்னொரு எண் வரும். அதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. பிள்ளைகளே எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய அரை ஆயுள் இருப்பது இப்போது தானாகப் புரியும். அயோடின்-131-க்கு 8 நாள், கோபால்ட்-60-க்கு 5 ஆண்டுக்குச் சற்று மேல், டெக்னீசியம்-99எம் என்பதற்கு 6 மணி நேரம்.

மாயாபுரிக் கணக்கை இப்போது பிள்ளைகளிடமே போடச் சொல்லலாம். அந்தக் கருவி வாங்கி ஏறத்தாழ 40 ஆண்டு ஆகியிருந்தது. அப்படியானால் உள்ளே இருந்த கோபால்ட் ஏழு தடவைக்கும் மேல் பாதியாகியிருக்கும். தொடக்கத்தில் இருந்ததில் 128-ல் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அந்த மிச்சமே ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. 'பழசாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது' என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதை நாணயம் குலுக்கிய பிள்ளை மறக்காது.

வீட்டு விஷயத்துக்கும் இதே கணக்கு உதவும். தைராய்டு சிகிச்சைக்கு அயோடின்-131 கொடுக்கப்பட்ட தாயைச் சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்கச் சொல்கிறார்கள்; பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். இது மருத்துவமனையின் கெடுபிடி அல்ல, 8 நாள் அரை ஆயுளின் கணக்கு. டெக்னீசியம் ஏற்றி எலும்பு ஸ்கேன் எடுத்தவருக்கு ஒரே நாளில் அது 16-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் உடம்பில் எதையும் விட்டுச் செல்வதே இல்லை. ஸ்கேன் எடுத்துவந்த பெரியவரின் பக்கத்தில் பேரனை உட்காரவிடாத வீடுகள் இருக்கின்றன. அயோடின் குடித்துவிட்டு வந்து அன்றே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற வீடுகளும் இருக்கின்றன. தெரியாமைக்கு இரண்டு முகம்: ஒன்று வீண் பயம், மற்றொன்று வீண் தைரியம்.

இனி கணினிப் பாவனைகள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் 2002-ல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் பாவனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். அணுக்கருவைக் கட்டிப் பார்ப்பது, ரூதர்ஃபோர்டின் தங்கத் தகடு சோதனை போன்றவற்றைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓட்டலாம். சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைப் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி. ஆசிரியர் துறையூரில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும்.

ஆனால் பாவனையை முதலில் காட்டக் கூடாது என்றே சொல்வோம். திரையில் ஓடும் சிவப்பு, நீல உருண்டைகளைப் பார்த்த பிள்ளை, அணுக்கரு என்றால் உருண்டைகளை அடுக்கிய லட்டு என்று முடிவுகட்டிவிடும். கையால் ஒன்றைச் செய்து, திணறி, கேள்வி எழுந்த பிறகுதான் திரைக்குப் போக வேண்டும். தங்கத் தகடு சோதனைக்கு முன் இதைச் செய்யலாம்: ஒரு பலகையின் அடியில் முக்கோணமாகவோ வட்டமாகவோ ஒரு மரக்கட்டையை ஒளித்துவைத்து, பிள்ளைகளைக் கோலிக்குண்டு உருட்டச் சொல்லுங்கள். குண்டு எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்தே உள்ளே இருப்பதன் வடிவத்தை அவர்கள் வரைய வேண்டும். 1909-ல் கைகரும் மார்ஸ்டனும் செய்தது இதுதான். குண்டுக்குப் பதில் ஆல்ஃபா துகள். மார்ஸ்டன் அப்போது இருபது வயது மாணவர். எட்டாயிரத்தில் ஒன்று போலத் திரும்பி வந்த அந்தத் துகள்களிலிருந்துதான் அணுவுக்குள் ஒரு கரு இருப்பது தெரியவந்தது. கோலி உருட்டிய பிறகு பாவனையைத் திறந்தால், பிள்ளை அதைப் படமாகப் பார்க்காது, பதிலாகப் பார்க்கும்.

திரையிலேயே நிறுத்துவதிலும் ஒரு குறை உண்டு. பாவனை என்பது யாரோ எழுதிவைத்த விதிப்படி ஓடுவது. அது நம்மை ஏமாற்றாது, வியக்க வைக்கவும் செய்யாது. உண்மையான கதிரியக்கத்தை ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும். அதற்குக் கைகர் எண்ணி வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளிக்கு ஒன்று இல்லாவிட்டாலும் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்தும் வாங்கித் தரலாம்.

கதிரியக்கப் பொருளுக்கு எங்கே போவது? உரக்கடைக்கு. திருச்சி மாவட்டம் வாழை விளையும் பூமி. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இங்கேதான் இருக்கிறது. வாழைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் பாதியளவு பொட்டாசியம். இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40. அது கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. முதலில் எண்ணியை வெறும் மேசையில் பத்து நிமிடம் வைத்து எண்ணுங்கள். எதுவுமே வைக்காதபோதும் டிக், டிக் என்று சத்தம் வரும். இதுவே முதல் பாடம்: கதிர்வீச்சு இல்லாத இடம் பூமியில் இல்லை. பிறகு ஒரு கிலோ பொட்டாஷ் பையை ஒட்டிவைத்துப் பத்து நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடும். பையைத் தள்ளிவைத்தால் குறையும். இடையில் அலுமினியத் தகடு வைத்தாலும் குறையும். தூரம், தடுப்பு, நேரம் ஆகிய மூன்றே கதிர்வீச்சுப் பாதுகாப்பின் அடிப்படை. அதைப் பிள்ளைகள் எண்ணால் கண்டுகொள்கிறார்கள்.

அப்படியானால் வாழைப்பழம் ஆபத்தா என்ற கேள்வி உடனே வரும். ஒரு பழத்தில் விநாடிக்குச் சுமார் 12 அணுக்கரு சிதைகிறது. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் உள்ள பொட்டாசியத்திலேயே விநாடிக்கு 4,000-க்கும் மேல் சிதைந்துகொண்டிருக்கிறது, பழம் தின்றாலும் தின்னாவிட்டாலும். உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். கூடங்குளத்தைப் பற்றி ஆதரவாகப் பேசுவதானாலும் எதிர்த்துப் பேசுவதானாலும், 'எவ்வளவு' என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் பேசினால் அதற்கு மதிப்பு இருக்கும். 'அணு' என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவதும், அரசு சொன்னதால் எல்லாம் பத்திரம் என்பதும் கேள்வி கேட்காத பழக்கத்தில் பிறந்தவைதாம்.

இன்னொரு சோதனைக்குப் பலூன் போதும். பலூனை ஊதி, கம்பளித் துணியில் நன்றாகத் தேய்த்து, காற்றோட்டம் இல்லாத தரைத்தள அறையில் அரைமணி நேரத்துக்கு மேல் தொங்கவிடுங்கள். பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான ரேடான் வாயு எல்லா வீட்டுக் காற்றிலும் கொஞ்சம் இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் துகள்கள் மின்னேற்றம் பெற்ற பலூனில் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கிப் பலூனை எண்ணியருகில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துவந்தால், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் பாதியாகக் குறைவது தெரியும். புளியங்கொட்டையில் வரைந்த வளைகோடு இங்கே உண்மையான அணுக்கருவில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் இது சரிவராது. ஈரக் காற்றில் மின்னேற்றம் நிற்காது. சோதனை முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் தோரியம் உண்டு என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் பிடித்து உதிர்க்க வேண்டாம். தூள் மூச்சில் போனால் கேடு. இருட்டில் ஒளிரும் பழைய ரேடியம் கடிகாரத்தை உடைக்கவே கூடாது. மாணவர்கள் கைக்குக் கதிரியக்க மூலங்கள் எதுவும் போகத் தேவையில்லை. பொட்டாஷும் பலூனும் வானமும் போதும்.

வானம் என்றதும் பச்சைமலை நினைவுக்கு வருகிறது. 1910-ல் தியோடர் வுல்ஃப் என்பவர் கதிர்வீச்சு மண்ணிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கத் தம் கருவியைப் பாரிஸின் ஐஃபில் கோபுரத்து உச்சிக்குக் கொண்டுபோனார். மேலே போனால் வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்த்தார்; அந்த அளவு குறையவில்லை. 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பார்த்தபோது கூடிக்கொண்டே போயிற்று. அண்டக் கதிர்கள் வானிலிருந்து வருவது இப்படித்தான் தெரிந்தது. வுல்ஃப் ஓர் இயேசு சபைப் பாதிரியார். டாக்டர் அப்துல் கலாம் இயற்பியல் படித்த திருச்சி புனித வளனார் கல்லூரியும் அதே சபையினர் நடத்துவதுதான். கலாம் படித்த ஊர் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். அவர் படித்த பாடத்தைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட யோசிக்கிறோம். நம் நாட்டிலேயே டி.எம். போஸும் விபா சௌதுரியும் 1930-களின் கடைசியிலும் 40-களின் தொடக்கத்திலும் டார்ஜிலிங் பகுதி மலைகளில் புகைப்படத் தகடுகளை வைத்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தார்கள். மலையே அவர்களுக்குச் சோதனைக்கூடம்.

நமக்கும் ஒரு மலை இருக்கிறது. ஸ்ரீரங்கம் காவிரிக் கரையில் ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு, துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலையேறி டாப் செங்காட்டுப்பட்டியில் ஒரு மணி நேரம் எண்ணலாம். பத்து நிமிடம் போதாது. சிறிய எண்ணியில் நிமிடத்துக்கு இருபது என்று வைத்தால் பத்து நிமிடத்தில் 200 வரும். அதில் பதினாலு, பதினைந்து கூடுவதும் குறைவதும் தற்செயல். ஒரு மணி நேரத்தில் 1,200 வந்தால் தற்செயலான ஏற்ற இறக்கம் 35 அளவில் நிற்கும். அதற்குப் பிறகே வித்தியாசத்தை நம்பலாம்.

மேலே கூடுதலாக வந்தால் வானத்தால் என்று உடனே எழுதிவிடக் கூடாது. கரையில் இருப்பது ஆற்று வண்டல்; மலையில் இருப்பது பாறை. பாறையிலிருந்தும் கதிர் வரும். எதனால் கூடிற்று? எண்ணியின் அடியில் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களை அடுக்கிவைத்தால் தரையிலிருந்து வருவது ஓரளவு தடுக்கப்படும். கேன் இல்லாமலும் கேனோடும் இரண்டு இடத்திலும் எண்ணினால் நான்கு எண்கள் கிடைக்கும். அவற்றை வைத்து வாதாடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். நகரப் பள்ளிப் பிள்ளைகள் கீழேயும், மலைப் பள்ளிப் பிள்ளைகள் மேலேயும் எண்ணி, எண்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால் இன்னும் சிறப்பு.

2022 நவம்பர் 28 அன்று இதே திருச்சியில்தான் தமிழ்நாடு அரசு 'வானவில் மன்றம்' என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்குக் கருத்தாளர்கள் நேரில் வந்து சோதனை செய்துகாட்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் அணுக்கரு பாடம் வருவது பத்தாம் வகுப்பில். அந்த இடைவெளியைப் பள்ளி ஆசிரியர்களும், சனி ஞாயிறு வகுப்பு நடத்தும் நம் ஜமாஅத்துகளும், உலகக் கல்வியையும் சேர்த்து நடத்தும் மதரஸாக்களும் நிரப்பலாம். நாணயச் சோதனைக்கு ஒரு வகுப்பு நேரம் போதும். பலூனுக்கு ஒரு காலைப் பொழுது. மலைக்கு ஒரு விடுமுறை நாள். மழை இல்லாத தை, மாசி தோது. நோட்டும் பேனாவும் தண்ணீர் கேனும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.